டொக்டர் கேட்டால்

ஓர்ஸ் ஹில் பஸ் தரிப்பிடத்தில் எனக்குப் பின்னால் இரண்டு மச்சாள்மார் நின்றார்கள். ஒருவர் கையில் கிளினிக் கொப்பி இருந்தது.

“சோறு கூடுதலாச் சாப்பிட்டால் இப்ப நெஞ்சும் பெருக்குது, மச்சாள்,” என்றார் கொப்பிக்காரி.

“புற்றுநோய்க்கு எடுத்த மார்புக்குப் பதிலா வயித்துச் சதையை வைச்சுத் தைச்சால், அது தன்ட குணத்தை விடுமோ? என்னட்டக் கேட்டிருக்கலாம். என்ட வயிறு ரெண்டு பேருக்குக் காணும்.”

“சிரிக்க வைக்காதேங்கோ. வயித்துத் தையல் இழுக்குது.”

“புதுசைத் தொட்டால் தெரியுதோ?”

“இல்லை. மரத்துப்போய்த்தான் கிடக்கு.”

“பிறகென்ன! திருப்தியோ எண்டு டொக்டர் கேட்டால் என்ன சொல்லப் போறீங்கள்?”

கொப்பிக்காரி கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“உடுப்பு மாத்தேக்க இப்ப லைற்றை அணைக்கிறதில்லை எண்டு சொல்லுவன்.”