டயரில் மாமியின் பெயர்

கழுவாஞ்சிக்குடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த தடித்த மனிதர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: “மாமியத் தலைகீழா நிப்பாட்டினா வீட்டில சோறில்ல மச்சான்.”

அதற்குப் பிறகு என் காதை நான் வேறெங்கும் வைக்கவில்லை.

“பழைய காருக்கு டயரில வெள்ளை எழுத்துப் போடுறதுதானே இப்ப பேஷன். பெயின்ட் வாங்கி நானே குந்தியிருந்து எழுதினன்.”

“என்ன, முருகன் துணை எண்டா எழுதினாய்?”

“சாமிட பேரை மாட்டுச் சாணிக்க உருட்டவா? மாமிட பேரை எழுதினன். பூரணம் எண்டு, நாலு சில்லிலயும்.”

“அவவ மட்டும் உருட்டலாமோ?”

“வீடும் அவ தந்த சீதனம், காரும் அவ தந்த சீதனம். சந்தோசப்படுவா எண்டு நினைச்சன். பட்டாதான். மறுகா ஒருநாள் கோயிலடியில நான் காரை விட்டா, முன்சில்லில பூரணம் நேரா நிக்கிறா, பின்சில்லில தலைகீழாத் தொங்கிறா. ‘ஊரே பாக்குது, நிமித்துங்க மருமகன்’ எண்டு பக்கத்திலயே நிண்டா. முன்னுக்கு எடு, பின்னுக்கு எடு எண்டு பூசையே முடிஞ்சிட்டு.”

“வளைஞ்சு திரும்பினா சில்லு ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரித்தான் நிக்கும். நாலும் ஒண்டா நிமிராதேடா.”

“நிமிந்திச்சு மச்சான். போன வெள்ளி, வீட்டு வாசல்ல, தன்பாட்டில. மாமி நாலு பக்கமும் சுத்திப் பாத்து, சாம்பிராணியும் காட்டினா.”

“பிறகென்ன, நல்லந்தானே?”

“என்ன நல்லம்? இனிக் காரை அசைக்கப்படாதாம். அதான் பஸ்ஸில வாறன்.”