ஒரு ஜோடி உறை

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் எஸ்டேட்டில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறார்கள். மூத்தவளின் வலது கையில் துணிக்கட்டு.

"நாளையிலிருந்து வலது உறை உங்களுக்குங்க அக்கா. இடது எனக்கு," என்றாள் இளையவள்.

இதென்ன பங்கு என்று காதைக் கொடுத்தேன். காப்பிச் செடிக்கு அடிக்கிற மருந்துக்காகச் சுண்ணாம்பும் மயில்துத்தமும் கலக்குகிறவர்களாம். இரண்டு பேருக்கும் சேர்த்து எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் கொடுத்தது ஒரே ஜோடி ரப்பர் கையுறை. ஆளுக்கு ஒன்று; இதுவரை வலது இளையவளிடம்.

"அப்பவே மாத்திக்கலாம்னு சொன்னேனுங்களே, கேட்டீங்களா?"

"நீ கைப்புள்ளைக்காரி. வெந்த கையில எப்படிச் சோறு ஊட்டுவே?"

"இப்ப உங்களுக்கும் சேத்தி நாந்தானுங்க ஊட்டறேன்!"

"உப்புப் பத்தலைன்னு சொன்னா நொம்பக் கோவிச்சுக்கறியே," என்று மூத்தவள் சிரித்தாள்.

"தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டாத் தாங்கும்னீங்க."

"தாங்கலையே, கண்ணு."

சேர்வராயன் கோயில் மலை தெரிந்ததும் மூத்தவள் கும்பிட்டாள். விரல்கள் நிமிரவில்லை. மணிக்கட்டுகளை மட்டும் சேர்த்தாள். "சேர்வராயப்பா, இவளைப் பார்" என்று நானும் கும்பிட்டேன்.

இறங்கும் இடம் நெருங்கியபோதுதான் மூத்தவள் சொன்னாள்.

"உறையை மாத்த வேண்டாம், கண்ணு. நீ வெளிய நின்னப்ப டாக்டர் சொன்னாரு. நான் இனிமே மருந்துகிட்டயே போகக் கூடாதாம்."

"அப்ப வேலைங்க அக்கா?"

"ரெண்டு உறையையும் நீயே போட்டுக்க, சாமி. ஒரு கையையும் மூடாம விட்டுடாதே."