நாற்பத்து நாலாவது ஆள்

— வகுப்புல இருக்கிறது நாப்பத்து மூணு பேரு. திரையில வர்றது நாப்பத்து நாலு பேரு. இது எப்படிங்க?

— உன் கம்ப்யூட்டருக்கு எண்ணத் தெரியலையோ என்னமோ. இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்கிறவன்கிட்ட வந்து கேக்குற.

— நீங்களும் அதே பள்ளிக்கூடத்துல சரித்திர வாத்தியார்தானே, அதான் கேக்குறேன்.

— நான் பி பிரிவு, டீச்சரம்மா. கரும்பலகை, சாக்பீஸ், தொண்டைத் தண்ணி. என் வகுப்புல நாப்பத்தஞ்சுன்னா நாப்பத்தஞ்சுதான். ஆவி கீவி வராது.

— ஆன்லைன் வினாடி வினாவுக்கு ஒரு நம்பர் இருக்குங்க. திரையில பெருசா போடுவேன். அதைப் போன்ல தட்டினா யாரு வேணும்னாலும் எந்தப் பேர்லயும் உள்ள வரலாம். மூணு வாரமா 'கல்லுளிமங்கன்'னு ஒருத்தன் வர்றான். எல்லாரையும் தோக்கடிச்சு முதல் இடத்தைப் பிடிச்சுட்டுப் போயிடறான்.

— கெட்டிக்காரனா இருப்பான் போல.

— சிரிக்காதீங்க. முன்பெஞ்சு கண்ணாடிக்காரி இருக்காளே, அவதான் ரெண்டு பேர்ல விளையாடறான்னு பிள்ளைங்க போட்டு வறுத்தெடுத்துட்டாங்க. நேத்து மதியம் சாப்பிடாம அழுதுக்கிட்டு இருந்தா.

— அழுதாளா?

— ஏன், உங்களுக்கு என்ன வந்துச்சு?

— எனக்கென்ன. ஒரு குழந்தை அழுதுச்சுன்னா கேக்கக் கூடாதா? இதுக்குத்தான் சொன்னேன், இந்த ஆட்டமெல்லாம் வேணாம்னு. சரித்திரம்னா என்ன, விளையாட்டுப் பொருளா?

— பழைய மேப்பை இப்போ இருக்கிற மேப் மேல வெச்சு, நதி எப்படி இடம் மாறிச்சுன்னு காட்டினேன். வாயைப் பொளந்து பார்த்தாங்க. அதுவும் விளையாட்டா?

— அதையே நான் பத்தொன்பது வருஷமா வாயால காட்டறேன்.

— நான் இல்லேன்னு சொன்னேனா?

— நீ சொல்ல வேணாம்மா. இந்தப் பக்கம் நான் போருக்குக் காரணம் அஞ்சு சொல்லிக்கிட்டு இருப்பேன், சுவத்துக்கு அந்தப் பக்கம் உன் கிளாஸ்ல விசில் பறக்கும். ஒரு பய எழுந்து கேக்கிறான், "சார், நம்ம மேப் எப்ப சார் நகரும்?" என் மூஞ்சியை எங்க கொண்டு போய் வெச்சுக்கிறது? இதுல வர்ற வருஷம் பத்தாம் வகுப்பும் உனக்குத்தானாம். என் வகுப்பு. அதை விட்டா எனக்கு அந்தக் கட்டடத்துல வேற என்ன இருக்கு?

— அதை அப்புறம் பேசலாம். இன்னைக்கு நான் ஒரு வேலை பண்ணினேன். கடைசிக் கேள்வியா, கோட்டை விழுந்தது எந்த வருஷம்னு போட்டேன்.

— அது புஸ்தகத்துலயே தப்பு! ஒரு வருஷம் குறைச்சு அச்சடிச்சு வெச்சிருக்கானுங்க. எத்தனை கடுதாசி போட்டாச்சு!

— தெரியும். நான் புஸ்தகத்துல இருக்கிற வருஷத்தையே சரின்னு வெச்சேன். நாப்பத்து மூணு பிள்ளைங்களும் அதைத்தான் அமுக்கினாங்க. கல்லுளிமங்கன் மட்டும் அடுத்த வருஷத்தை அமுக்கிட்டு, முதல் இடத்துலேர்ந்து ஏழாவது இடத்துக்குப் போயிட்டான்.

— ஏழாவதா?

— மூணாவது பீரியட்டு உங்களுக்கு ஓய்வுதானே? ஐயோ, சட்டை கருகுதுங்க. பெட்டியை எடுங்க.

— தப்புன்னு தெரிஞ்சு எப்படிம்மா அமுக்கறது? விரல் வரலை.

— அது எனக்குத் தெரியும்னுதானே அந்தக் கேள்வியைப் போட்டேன்.

— ஜன்னல் வழியா நம்பர் தெரிஞ்சுது. முதல் நாள் சும்மா, உன் கேள்வியில குத்தம் கண்டுபிடிக்கலாம்னுதான் நுழைஞ்சேன். ஆட்டம் முடிஞ்சு பார்த்தா முதல் இடம் எனக்கு. யாருடா அதுன்னு மொத்த வகுப்பும் கத்துச்சு பாரு, ஸ்டாஃப் ரூம் வரைக்கும் கேட்டுச்சு. எனக்காக யாரு அப்படிக் கத்தியிருக்கா? மறுநாள் போகக் கூடாதுன்னுதான் நெனச்சேன். கால் நிக்கலை.

— சொல்லியிருக்கலாமே என்கிட்ட.

— என்னன்னு சொல்றது? பொண்டாட்டி மேல பொறாமைன்னா? சரி, சொல்லிட்டேன் போ. வயிறு எரியுது. நீ சிரிச்சுக்கிட்டே வகுப்புலேர்ந்து வெளிய வந்தா எரியுது. அந்த ஹெச்.எம். அம்மா உன்னை மட்டும் ரூமுக்குக் கூப்பிட்டா எரியுது. போதுமா? நாளைக்கு உன் வகுப்புக்கு வந்து நான்தான்னு சொல்லிடறேன். அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பும் கேட்டுக்கறேன். பிள்ளைங்க சிரிச்சா சிரிக்கட்டும்.

— உங்களைப் பார்த்து சிரிக்க மாட்டாங்க. இன்னும் தலையில தூக்கி வெச்சுக்குவாங்க.

— என்ன அப்படிச் சொல்ற? நீ எதுக்கு இப்போ கண்ணைத் தொடைக்கிற? தப்புப் பண்ணினது நான்.

— கடைக்குப் போனா பழைய பிள்ளைங்க ஓடி வருவாங்க. "சார், நல்லாயிருக்கீங்களா சார்?" நான் பக்கத்துல பையைத் தூக்கிக்கிட்டு நிப்பேன். நானும் பாடம் எடுத்த பிள்ளைங்கதான். என்னைப் பார்த்து, "சார் வீட்டம்மாங்களா?"ன்னு கேப்பாங்க. சிரிச்சு வெப்பேன்.

— அட, அதெல்லாம் ஒரு விஷயமா? அதான் இப்போ உனக்கும் காலம் வந்துடுச்சே. ஹெச்.எம். அம்மாவே உன் வேலையைப் பார்த்து, தானாக் கூப்பிட்டுப் பத்தாம் வகுப்பைக் கொடுக்கறாங்க.

— அவங்க தானாக் கூப்பிடலைங்க. அந்த வகுப்பை உங்ககிட்டேர்ந்து எடுத்து எனக்குக் கொடுங்கன்னு, கதவைத் தட்டிப் போய்க் கேட்டவளே நான்தான்.