சாக்குக்கு ஒரு வாஷிங் மெஷின்

– அந்தம்மாவ மட்டும் விட்டுடுங்க மேடம். விளம்பரத்துக்கு வேற யாரையாவது பார்த்துக்கலாம்.

– ஏம்மா? நம்ம வாஷிங் மெஷின் பேஜுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் திட்டத்தான் வர்றாங்க. தினம் வந்து ரெண்டு வார்த்தை நல்லதாப் பேசிட்டுப் போறது அவங்க ஒருத்தங்கதான். கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையச் சொல்றியா?

– அவங்களுக்குக் கூச்சம் ஜாஸ்தி. கேமரான்னா ஓடிடுவாங்க.

– உனக்கெப்படித் தெரியும்?

– எழுதறத வச்சுத்தான்.

– இங்க பாரு, கம்பெனி பேர்ல பதில் எழுதறது நீ. எல்லாருக்கும் ஒரு வரி, ஒண்ணரை வரி. இவங்களுக்கு மட்டும் ஏன் முழ நீளத்துக்குப் போகுது? நேத்துதான் உக்காந்து முழுசாப் படிச்சேன். கம்பளியை எப்படித் துவைக்கணும், மழை நாள்ல எங்க காயப் போடணும், சாயம் போற துணியை என்ன பண்ணணும். அந்த மெஷின்ல துணி துவைக்கறாங்களா, குடித்தனமே நடத்தறாங்களா?

– சிரிக்காதீங்க மேடம். அது எங்க அக்கா.

– என்னம்மா சொல்றே?

– கூடப் பிறந்த அக்கா. அம்மா போனதுக்கப்புறம் எனக்கு எல்லாமே அவங்கதான். அவங்க பார்த்த மாப்பிள்ளைய வேணாம்னுட்டு நானாக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். இனி எனக்குத் தங்கச்சியே இல்லன்னுட்டாங்க. போன் பண்ணா பிளாக். நேர்ல போனா கதவைத் திறக்கல. அப்புறம் ஒருநாள் இங்க இன்பாக்ஸைத் திறக்கறேன், அவங்க போட்டோ. மெஷின் சுத்தும்போது கடகடன்னு சத்தம் வருது, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தாங்க. நான் யாருன்னு காட்டிக்காம கம்பெனி பேர்லயே பதில் எழுதிட்டேன்.

– நான்தான்க்கான்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.

– சொன்னா அதோட போச்சு. அவங்க பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது. முதுகு வலிக்குது, குனிஞ்சு துணி எடுக்க முடியலன்னு எழுதறாங்க. பக்கத்துல ஸ்டூல் போட்டுக்குங்கன்னு கம்பெனி பேர்ல எழுதறேன். போய் அந்த நாலு துணியை எடுத்துக் குடுக்க எனக்குக் குடுத்து வைக்கல. இந்தப் பேச்சும் நின்னு போச்சுன்னா நான் என்ன மேடம் பண்ணுவேன்?

– ஊர் உலகம் என்ன பேசுதுன்னு காது குடுத்துக் கேக்கத்தான் நமக்குச் சம்பளம். பக்கத்து மேஜைல நடந்தது என் காதுல விழலியே. ஆனா ஒரு சங்கடம்மா. காலையிலேயே என் நம்பரைக் குடுத்து, பேச முடியுமான்னு அவங்களுக்கு மெசேஜ் போட்டுட்டேன். இதோ அடிக்குதே, புது நம்பர், அவங்களாத்தான் இருக்கும்.

– எடுக்காதீங்க மேடம்.

– எடுக்கலன்னா தப்பா நெனப்பாங்க. ஸ்பீக்கர்ல போடறேன், நீயும் கேளு. வாய மட்டும் திறக்காதே. ஹலோ, சொல்லுங்கம்மா.

– விளம்பரத்துக்குக் கேட்டிருந்தீங்களே, வாஷிங் மெஷின் கம்பெனிதானே? நான் வர்றேங்க.

– சந்தோஷம்மா. கேமரான்னா உங்களுக்குக் கூச்சமா இருக்குமோன்னு நெனச்சோம்.

– கூச்சந்தாங்க. இருந்தாலும் வர்றேன். எனக்குப் பதில் எழுதற பொண்ணைத் தள்ளி நின்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்.

– பொண்ணுன்னு எப்படிச் சொல்றீங்க? பதில் கம்பெனி பேர்லதானே வருது?

– துவைச்சு முடிச்சதும் மூடியைத் திறந்தே வைங்க, அதுவும் கொஞ்சம் மூச்சு விடட்டும்னு ஒருநாள் எழுதியிருந்தா. அது எங்கம்மா பேச்சுங்க. பீரோவா இருக்கட்டும், டிபன் டப்பாவா இருக்கட்டும், அப்படித்தான் சொல்லுவாங்க. அதைப் படிச்சுட்டு துணி போட மறந்து அங்கயே உக்காந்துட்டேன். அவ என் தங்கச்சிங்க.

– அப்போ அந்த மெஷின் சத்தம்?

– அது எப்பவோ சரியாயிடுச்சு. தினம் எதையாவது கேட்டாத்தானே அவ எழுதுவா? யோசிச்சு யோசிச்சுக் கேக்கறேன்.

– நேராக் கூப்பிட்டுப் பேசிடலாமேம்மா.

– வாசல்ல வந்து நின்னவளுக்குக் கதவைத் திறக்காதவ நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடறது? உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க. ரோஷக்காரி, தெரிஞ்சா எழுதறத நிறுத்திடுவா.