மேசைக்குள் இருந்த தந்தி

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் பஸ். எழுபதுகளின் தொடக்கம். எனக்கு முன்சீட்டில் தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் ஊர் ஜவுளிக்கடை பாய்.

"அப்பா செத்தது முந்தாநாள்தாங்க பாய் எனக்குத் தெரியும்."

"என்ன தம்பி சொல்றே? ஆறு நாளாச்சே! அன்னிக்கே உன் பம்பாய் பேங்க் விலாசத்துக்கு நான்தானே தந்தி குடுத்தேன்."

"மறுநாளே வந்துருச்சுங்க. எங்க ஆபீசரு பிரிச்சுப் படிச்சுட்டு மேசைக்குள்ள வெச்சுட்டாரு. ஒரு பெரிய கம்பெனியோட ஷேருக்கு வந்த விண்ணப்பமெல்லாம் நான்தான் சரிபாத்துட்டு இருந்தேன். அந்த வேலை முடியட்டும்னு மூணு நாள் கழிச்சுத்தான் குடுத்தாரு."

"மவன் வருவான்னு பொழுது சாயற வரைக்கும் உங்க ஆத்தா பொணத்தை எடுக்க வுடலையே, தம்பி."

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு பாய்தான் மறுபடி கேட்டார்.

"அந்தாளை நீ ஒண்ணும் கேக்கலியா?"

"நான் அப்ரண்டீசுங்க. அடுத்த மாசம் என்னை நிரந்தரமாக்க அவருதான் கையெழுத்துப் போடணும்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்.

"தந்திய நீட்டினப்ப, என்னான்னு பாக்கறதுக்கு முன்னாடியே 'தேங்க்யூ சார்'னு சொன்னேனுங்க. படிச்சுட்டும் அதையேதான் சொன்னேன்."