மேல் வரிசைத் தேநீர்

எங்கள் மலையோரத்தில் காலையில் யார் எத்தனை மணிக்குத் தேநீர் போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தனியாக வாழும் முதியவர்களுக்கு நகராட்சி மின்கெட்டில் கொடுத்திருக்கிறது. தண்ணீர் கொதித்தால் எங்கள் அலுவலகக் கணினிக்குத் தகவல் வரும். அந்த நேரங்களை அட்டவணையாக்கி நகராட்சிக்கு அனுப்புவது என் வேலை. வராவிட்டால் ஆள் போய்ப் பார்க்க வேண்டும்.

பனி கொட்டும்போது தகவல் அடிக்கடி அறுந்துவிடும். நேரில் போய்ப் பார்க்க இருந்தவர் ஒரே ஒரு பெண்மணி. அவரும் இலையுதிர்காலத்தில் வேலையை விட்டுவிட்டார். பிரிவுத் தலைவர் குவாபாரா கோபக்காரர் அல்ல. "காலிக் கட்டத்தோட அட்டவணை போனா நகராட்சிக்காரங்க கேள்வி கேப்பாங்க, நுமாட்டா. பனியில யாரை அனுப்பறது? நீ போறியா?" என்றார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

அதனால் அட்டவணையில் ஒரு சூத்திரம் எழுதினேன். இன்றைய கட்டம் காலியாக இருந்தால், மேல் வரிசையில் உள்ள நேற்றைய நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு நாள் அறுந்தால் ஒட்டுப்போடத்தான் அது. மறுநாளும் காலியானால், ஒட்டுப்போட்ட நேரத்தையே மீண்டும் எடுக்கும் என்பது தெரிந்ததுதான்.

ஒரே நேரம் திரும்பத் திரும்ப வந்தது கண்ணை உறுத்தியது. சில நிமிடங்கள் கூட்டியோ குறைத்தோ போடும்படி மாற்றினேன். பார்ப்பதற்கு இயல்பாக இருந்தது.

எங்கள் பட்டியலில் இருந்த தோமே-சான் என்ற மூதாட்டியின் மகள் செண்டாய் நகரிலிருந்து போன் செய்தார்.

"அம்மா போனே எடுக்கல. நல்லாத்தானே இருக்காங்க?"

"இன்னைக்குக் காலையிலகூட டீ போட்டிருக்காங்க."

அவர் சிரித்தார். "அப்ப என்மேல கோவம்தான். புத்தாண்டுக்கு வரலைன்னு சொல்லிட்டேன். வீம்பு பிடிச்சவங்க."

மண்ணெண்ணெய் கொண்டுபோனவர்தான் கண்டுபிடித்தார். தோமே-சான் சமையலறை வாசலில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். மகள் போன் செய்த மறுநாள்வரை உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னதாக, விசாரிக்க வந்த நீங்கள்தான் சொன்னீர்கள்.

கெட்டில்களிலிருந்து தகவல் வந்து விழும் மூலப் பக்கத்தைப் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். மகள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே திறந்தேன். தோமே-சான் பெயருக்குக் கீழே நான்கு நாட்களாக ஒன்றுமே இல்லை. ஆனால் மகள் அப்போது சிரித்துக்கொண்டிருந்தார். நிம்மதியாக இருக்கும் ஒருவரைக் கலவரப்படுத்துவது என் சுபாவம் அல்ல.