போன வருடத்துத் தண்டு

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் சார், ஒரு கால் ஆடும். அது என் கணவர் உட்கார்ந்திருந்தது. இதில் உட்காருங்கள், நிதானமாகப் பேசலாம். பக்கத்து வீட்டுத் தையல்காரர் உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது அத்தனையும் உண்மைதான். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. எதற்கெடுத்தாலும் பதறுவார், அவ்வளவுதான்.

ஜன்னலுக்கு வெளியே பலகை வேலியில் படர்ந்திருக்கிறதே, அதுதான் அவர் எழுதியிருக்கிற கொடி. வாளித் தண்ணீர் கல்லாக உறைகிற குளிரிலும் சாகாது. கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம் காய்க்கும். ஒரே பழத்தில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, காரம் எல்லாம் இருக்கும். ஈரலுக்கு நல்லது என்கிறார்கள். என் கணவருக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று தெரிந்ததும், அவர்கூட லாரி ஓட்டிய நண்பர் மூன்று வயதுக் கன்று ஒன்றைக் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போனார். அடுத்த வருடமே காய்க்கும் என்றார்.

டாக்டர் ஆபரேஷன் என்றார். சீக்கிரம் செய்தால் பிழைத்துக்கொள்வார், தள்ளிப்போட்டால் கையை விரிக்க வேண்டியதுதான் என்றும் சொன்னார். மலைப்பாதையில் இருபது டன் சரக்கோடு இறங்கிய மனிதருக்குக் கத்தி என்றால் கைகால் உதறும். "முதல் காய்ப்பைச் சாப்பிட்டுப் பாக்குறேன் டாக்டர். கேக்கலைன்னா நானே வந்து படுத்துக்கறேன்" என்றார். அது அவராகச் சொன்ன வார்த்தை. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் ஒன்பது வருடம் நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தவள். அதனால் கொடி என் பொறுப்பாயிற்று. "அவ கை பட்டா விறகுக்கட்டைகூடத் துளிர்க்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். எனக்குக் கூச்சமாக இருக்கும். அதற்கு முன்னால் என்னைப் பற்றி யாரிடமும் அவர் எதுவும் சொன்னதில்லை.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். மாதத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வருவார். அழுக்குத் துணியைப் போடுவார், சாப்பிடுவார், தூங்குவார், போய்விடுவார். உடம்பு முடியாமல் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஒரு புருஷன் இருப்பதே எனக்குத் தெரிந்தது. அடுப்படியில் முக்காலி போட்டு பீன்ஸ் நறுக்குவார். ஒன்று விரல் நீளம், ஒன்று நகம் அளவு, பார்க்கச் சகிக்காது. ஒருநாள் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "உனக்குக் கன்னத்துல மச்சம் இருக்கே, எப்பலேர்ந்து?" என்றார்.

"பொறந்ததுலேர்ந்து."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும், "பழம் மட்டும் வரட்டும், உடம்பு தேறிடும். மறுநாளே வண்டியை எடுத்துடுவேன்" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பழத்தில் குணமானாலும் போய்விடுவார். குணமாகாவிட்டால் ஆபரேஷன், அது முடிந்தாலும் போய்விடுவார். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். போகாதீர்கள் என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

கொடியைப் பற்றி ஒரு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். அது போன வருடத்துத் தண்டில்தான் பூக்கும். புதுத் தளிரில் இலைதான் வரும். குளிர்காலத்தில் அந்தத் தண்டுகளை ஒட்ட வெட்டிவிட்டால், வசந்தத்தில் செடி காடாக வளரும், பூ மட்டும் இருக்காது. பார்க்கிறவர்களுக்கு நன்றாகப் பராமரிக்கிற மாதிரிதான் தெரியும். அந்தக் குளிர்காலம் நான் வெட்டினேன். கத்தரிக்கு எண்ணெய் போட்டுச் சுத்தமாகத்தான் வெட்டினேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "குளிருது, சால்வையைப் போத்திக்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

முதல் வருடம் காய்க்கவில்லை. கால் வீங்க ஆரம்பித்தது. "பேசாம ஆஸ்பத்திரிக்கே போயிடலாமா?" என்று அவராகவே கேட்டார். நானா தடுத்தேன்? "ஒரு காய்ப்பு பாக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க. இவ்வளவு நாள் பொறுத்தாச்சு" என்றேன், அவ்வளவுதான். "அதுவும் சரிதான்" என்றார். அந்தக் குளிர்காலமும் வெட்டினேன்.

இரண்டாவது வசந்தத்தில் அந்த லாரி நண்பர் பார்க்க வந்தார். வேலியருகே போய்க் கொடியில் வெட்டுப்பட்ட இடங்களைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து இவர் காதோடு ஏதோ சொன்னார். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை. டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார். இவரும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லை" என்றார். அந்தக் கோடையில் டாக்டர், இனி கத்தி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். இனி அவருக்கு இருந்தது பழம் ஒன்றுதான்.

மூன்றாவது குளிர்காலமும் வழக்கம்போல வெட்டினேன். ஆனால் அந்த வசந்தத்தில் அவர் முகத்தில் ஒரு தெளிவு. நாற்காலியில் உட்கார்ந்து வேலிக்கு மேலே எதையோ பார்ப்பார். நான் வந்தால் பார்வையைத் திருப்பிக்கொள்வார். இரண்டு நாள் கவனித்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தேன். தையல்காரர் தன் பக்கம் ஒரு நீளக் கழியை நட்டிருந்தார். அதில் நம் கொடியின் ஒரு தண்டு, துணிக்கிழிசலால் இதமாகக் கட்டப்பட்டு, உச்சிவரை ஏறியிருந்தது. வேலிப் பலகையின் அடியில் இருந்த ஓட்டை வழியாக, போன கோடையில் தளிராக இருந்தபோதே அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். தள்ளியது இவர்தான். தடி ஊன்றி, நான் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து. என் கத்தரி படாத தண்டு அது ஒன்றுதான். வெள்ளைப் பூ நிறைந்திருந்தது, நாலைந்து இடத்தில் பிஞ்சும் விட்டிருந்தது.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார். அதுதான் எனக்கு ஆறவில்லை. மூன்று வருடம் ஊட்டிவிட்டிருக்கிறேன், குளிப்பாட்டிவிட்டிருக்கிறேன். ஊரான் ஒருத்தனிடம் சொல்லத் தெரிந்தது, என்னிடம் சொல்லத் தோன்றவில்லை.

வேர் நம் பக்கம்தானே இருக்கிறது. கழியைத் தொடவில்லை, பூவைத் தொடவில்லை. வேலிக்கு அடியில் குனிந்து, ஓட்டைக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு வெட்டு வெட்டினேன். மூன்று நாளில் அந்தப் பக்கத் தண்டு பூவோடும் பிஞ்சோடும் சுருங்கித் தொங்கிற்று. தையல்காரர் ஓடிவந்து பலகை அடியில் பார்த்திருக்கிறார். அதைத்தான் உங்களுக்கு எழுதியிருக்கிறார். நான்தான் வெட்டினேன். மூன்று குளிர்காலமும் நான்தான், அந்த ஒரு வெட்டும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் அவருக்கு இதெல்லாம் தெரியாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்திருந்தால் கோபப்பட்டிருப்பாரே. அதற்குப் பிறகு பதினேழு நாள் இருந்தார், ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. தண்டு வாடிய அன்று மத்தியானம், அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஜன்னலைச் சாத்திடு" என்றார். சாத்தினேன். அப்புறம் கடைசிவரை திறக்கவே சொல்லவில்லை. வெயில் கண்ணைக் குத்தியிருக்கும், பாவம்.